சேப்பல் ஹில் தப்பியது, மிசூரி மாட்டியது: எந்தக் கணக்கில்?

கேரிக்காரன்

போன ஞாயிறு பக்கத்து வீட்டில் கூடைப்பந்து பார்க்கப் போய், ஆட்டம் முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில் கேரி. வட கரோலினா பல்கலை இருக்கும் சேப்பல் ஹில் இங்கிருந்து அரை மணி நேரம். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த வெளிர்நீலச் சட்டைதான் வீட்டுச் சட்டை. என் பையனும் வருகிற வருடம் அங்கே விண்ணப்பிக்கிறான். அதனால் நான் எதிரணியான டியூக் ரசிகன், வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக விஷயம் இதுதான். சேப்பல் ஹில்லில் ஆப்பிரிக்க, ஆப்ரோ-அமெரிக்க ஆய்வுகள் துறையில் 1993 முதல் 2011 வரை "பேப்பர் வகுப்பு" என்று ஒன்று ஓடியது. பாடப் பட்டியலைப் பார்த்தால் சாதாரண விரிவுரை வகுப்பு மாதிரி இருக்கும். ஆனால் விரிவுரை கிடையாது, பேராசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வருகைப் பதிவு கிடையாது. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதற்கு மதிப்பெண் போட்டவர் ஆசிரியரே இல்லை, துறை அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட டெபோரா கிரவுடர் என்ற ஊழியர். முன்னுரையையும் முடிவுரையையும் புரட்டிவிட்டு ஏ போடுவார், இல்லாவிட்டால் பி. துறைத்தலைவர் ஜூலியஸ் நியாங்கோரோ அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பல்கலையே அமர்த்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் கென்னத் வெயின்ஸ்டைன் 2014 அக்டோபரில் கொடுத்த அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. சுமார் 3,100 மாணவர்கள், அதில் கிட்டத்தட்ட பாதி விளையாட்டு வீரர்கள். மொத்தக் கல்லூரியில் வீரர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் "பாதி"யைப் படியுங்கள்.

2017 அக்டோபர் 13 அன்று கல்லூரி விளையாட்டுகளைக் கண்காணிக்கும் சங்கமான என்சிஏஏ தீர்ப்பு சொன்னது. கல்லூரிக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஒத்துழைக்க மறுத்தார் என்று நியாங்கோரோ மேல் மட்டும் ஐந்து வருடக் கட்டுப்பாடு, அவரோ எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்.

ஒன்றேகால் வருடம் கழித்து, 2019 ஜனவரியில், மிசூரி பல்கலையில் ஒரே ஒரு டியூட்டர் 12 வீரர்களுக்குப் பாட வேலையைச் செய்து கொடுத்தார் என்பதற்காக அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், சாப்ட்பால் மூன்று அணிகளுக்கும் சீசன் முடிவுப் போட்டிகளில் ஆடத் தடை.

இது எந்த ஊர் நியாயம், யாராவது விளக்குங்கள்.

தூங்காநகரம்

கிளாஸே நடக்காத கிளாஸில் எனக்கும் ஒரு சீட் கிடைத்திருந்தால் மூன்று அரியர் மிச்சமாகியிருக்கும்.

சட்டப்புள்ளி

கேரி அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டு திருத்தம்.

முதலாவது, சேப்பல் ஹில் எதற்குமே மாட்டவில்லை என்பது சரியில்லை. 2012 மார்ச்சில் கால்பந்து அணிக்கு சீசன் முடிவு ஆட்டத்தில் ஆட ஒரு வருடத் தடை, 15 ஸ்காலர்ஷிப் குறைப்பு. அது ஏஜென்டுகளிடம் வீரர்கள் வாங்கிய பரிசுகளுக்கும், ஒரு டியூட்டர் கட்டுரைகளில் அளவுக்கு மீறி உதவியதற்கும். கோச் புட்ச் டேவிஸை அதற்கு முன்பே 2011இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேப்பர் வகுப்பு விவகாரம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் வெளியே வந்தது.

இரண்டாவது, 2017 தீர்ப்பு "மோசடி நடக்கவில்லை" என்று சொல்லவில்லை. "மோசடி என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கள் விதிப்படி எங்களுக்கு இல்லை" என்றுதான் சொன்னது. என்சிஏஏ விதிகளில் ஒரு வகுப்பு ஒழுங்காக நடந்ததா, கட்டுரைக்கு ஏ தகுமா என்பதெல்லாம் கல்லூரியின் சொந்த விஷயம். என்சிஏஏ கேட்கக்கூடியது இவ்வளவுதான்: மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை வீரர்களுக்கு மட்டும் கிடைத்ததா? சேப்பல் ஹில் வக்கீல்கள் அழகாகக் கையை விரித்தார்கள்: எல்லோருக்கும் திறந்திருந்த வகுப்பு, எல்லோருக்கும் அதே ஏ, அதே பி, சலுகை எங்கே?

இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பிடம் இதே பல்கலை "இது கல்வி மோசடிதான்" என்று எழுதிக் கொடுத்து 2015இல் ஒரு வருடக் கண்காணிப்பை வாங்கிக்கொண்டது. பிறகு என்சிஏஏ விசாரணையில் அந்த வார்த்தையைக் காட்டிக் கேட்டபோது, அது எழுத்துப்பிழை மாதிரி நேர்ந்த கவனக்குறைவு என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையெல்லாம் பழசு, இவர்கள் பூசணிக்காயையே அச்சுப்பிழை என்றார்கள். இந்த மாதிரி வாதங்களுக்கும் விளம்பர ஆலோசகர்களுக்கும் சேர்த்து ஆன செலவு 1.8 கோடி டாலருக்கு மேல்.

நான் அதை நியாயப்படுத்தவில்லை. விதியில் இல்லாததை வைத்துத் தண்டிக்க ஆரம்பித்தால் நாளைக்கு யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கேரிக்காரன்

எல்லோருக்கும் திறந்திருந்தது என்றால் 2009 நவம்பரில் நடந்த அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்வீர்கள்? கிரவுடர் ஓய்வு பெற்ற பிறகு படிப்பு ஆலோசகர்கள் கால்பந்து கோச்சுகளைக் கூட்டி உட்கார வைத்து ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். நம் பையன்களை எந்த மாதிரி வகுப்பில் போட்டுக்கொண்டிருந்தோம்: வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பு எடுக்க வேண்டாம், விழித்திருக்கக்கூட வேண்டாம். அதற்குக் கீழே, இவை இனிமேல் கிடையாது என்று பெரிய எழுத்தில். அந்த செமஸ்டரில் அணியின் சராசரி ஜிபிஏ (கிரேடுப் புள்ளி) பத்து வருடத்தில் இல்லாத பள்ளத்துக்குப் போனது. ரேஷன் கடையும் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது, யார் வீட்டு அடுப்பு அதை நம்பி எரிகிறது என்று பார்க்க வேண்டாமா?

பழைய டி.ஏ.

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஸ்லைடு பற்றிப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

ஒரு பெரிய மாநிலப் பல்கலையில் (பெயர் வேண்டாம், மேலே சொன்ன எதுவும் இல்லை) முனைவர் படிப்பின்போது மூன்று வருடம் புள்ளியியல் அறிமுக வகுப்புக்கு டி.ஏ.வாக, அதாவது ஆசிரியருக்கு உதவியாளராக இருந்தேன். செமஸ்டர் நடுவில் வீரர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு படிவம் வரும். வருகிறானா, வீட்டுப்பாடம் கொடுக்கிறானா, இப்போதைக்கு என்ன கிரேடு. ஆரம்பத்தில் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். சென்னையில் நான் படித்த கல்லூரியில் யாரும் எனக்காக இப்படிக் கேட்டதில்லை. அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் கேட்பது பையன் என்ன கற்றுக்கொண்டான் என்பதை இல்லை, சனிக்கிழமை ஆடலாமா என்பதை.

ஒரு பையன், கால்பந்து, இரண்டாம் வருடம். ஆறரை அடி, முன்வரிசை பெஞ்சில் உட்காரவே முடியாமல் பக்கவாட்டில் உட்காருவான். சாய்வான பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிதான் பிடிக்கும். ஆனால் கேள்வி கேட்பான். ஒருநாள் என் அறைக்கு வந்து, சராசரியைவிட மீடியன் எப்போது நல்லது என்று விளக்கச் சொன்னான். தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் சம்பளத்தை வைத்தே சொன்னேன், அதிகம் வாங்கும் ஒரு குவார்ட்டர்பேக் சம்பளம் வந்தால் சராசரி எங்கே போகிறது பார் என்று. அவன் முகத்தில் அது புரிந்த நொடியை நான் பார்த்தேன். அந்த வருடம் எனக்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

இரண்டாம் தேர்வில் அவனுக்கு சி கீழ்ப்பக்கம். மறுநாளே ஆலோசகரிடமிருந்து மெயில், மரியாதையாகத்தான்: "இவனுக்கு இந்த வகுப்பு சரிப்படுமா என்று யோசிக்கிறோம்." நான் பதில் எழுதினேன், வாரம் ஒரு மணி நேரம் கூடுதலாக வந்தால் பி வாங்குவான், நானே சொல்லித்தருகிறேன் என்று. செவ்வாய், வியாழன் மதியம் என்றும் நேரம் குறித்தேன். அந்த நேரம் முழுக்கப் பயிற்சி என்று பதில் வந்தது. திங்கள்? வீடியோ பார்க்கும் கூட்டம். புதன்? எடைப்பயிற்சி.

சேப்பல் ஹில் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்குக் கிரவுடர் மேல் முழுக் கோபம் வருவதில்லை. திணறுகிற பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டுத்தான் ஆரம்பித்தேன் என்கிற மாதிரிதான் அந்த அறிக்கையிலும் வருகிறது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் பந்தாட்டத்துக்கே போனால் படிப்பு எங்கே நுழையும்? யாராவது ஒருவர் அந்த இடைவெளியை எதையாவது வைத்து அடைக்கிறார். அங்கே அவர் அடைத்தார்.

மிசூரி மருமகன்

அக்கா, உங்கள் இரக்கம் புரிகிறது. எங்கள் ஊர்க் கதையையும் கேளுங்கள். (மாமனார் வீடு மிசூரி பல்கலை இருக்கும் கொலம்பியாவில், அதனால் நான் அவர்களுடைய கறுப்பு-தங்க நிறக் கட்சி, முன்பே சொல்லிவிடுகிறேன்.)

அந்த டியூட்டர் 2016 நவம்பரில் தானாகவே வந்து ஒப்புக்கொண்டார். பல்கலை எதையும் மறைக்கவில்லை. விசாரணையோடு ஒத்துழைத்தது, ஆமாம் எங்கள் விதியை மீறிய செயல்தான் என்று எழுதிக் கொடுத்தது. பலன், மூன்று அணிக்குத் தடை, மூன்று வருடக் கண்காணிப்பு, ஸ்காலர்ஷிப்பில் வெட்டு. 2019 நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. தடையை அனுபவித்த பையன்களில் பெரும்பாலோர் அந்த டியூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தத் தீர்ப்புக்குள்ளேயே சேப்பல் ஹில் பெயர் வருவதுதான். அவர்கள் தங்கள் வகுப்பையும் கிரேடையும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள், வீரர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்தார்கள் என்றார்கள். மிசூரியோ மீறல் என்று ஒப்புக்கொண்டது, அதுதான் வித்தியாசம் என்று என்சிஏஏ குழுவே எழுதியிருக்கிறது. இதைப் படிக்கும் அடுத்த கல்லூரி வக்கீல் என்ன முடிவுக்கு வருவார்? 12 பேருக்கு ஒரு டியூட்டர் எழுதிக் கொடுத்தால் குற்றம். துறையே சேர்ந்து 3,100 பேருக்குச் செய்தால் அது பாடத்திட்டம். எவ்வளவு பெரிதாகச் செய்கிறாயோ அவ்வளவு பாதுகாப்பு, வாயைத் திறக்காதவரை.

நூலகப்பூனை

நோட்ரடாம் பல்கலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவப் பயிற்சி உதவியாளர் ஒருவர் கால்பந்து வீரர்களுக்குப் பாட வேலை செய்து கொடுத்தார், பல்கலை தானே கண்டுபிடித்து, தன் ஒழுங்குக்குழுவில் வைத்து விசாரித்து, பழைய கிரேடுகளைக் குறைத்தது. கிரேடு குறைந்ததும் அந்தப் பையன்கள் பின்தேதியிட்டுத் தகுதி இழந்தார்கள். தகுதியில்லாதவன் ஆடிய ஆட்டம் செல்லாது என்று 2012, 2013 இரண்டு சீசனிலும் சேர்த்து 21 வெற்றிகளை அழித்துவிட்டார்கள். 2018இல் மேல்முறையீடு தோற்றபோது பல்கலைத் தலைவர் ஜென்கின்ஸ் பாதிரியார் ஆத்திரத்தோடு கடிதம் எழுதினார், அதிலும் சேப்பல் ஹில் வருகிறது. கிரேடைக் கை வைக்காமல் விட்டிருந்தால் வெற்றிகள் அப்படியே இருந்திருக்கும் என்பதுதான் அவர் சொல்லவந்தது.

பழைய கணக்கும் கொஞ்சம். மினசோட்டாவில் 1999 மார்ச்சில், தேசியப் போட்டியில் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், செயின்ட் பால் பத்திரிகை ஒரு குண்டைப் போட்டது. படிப்பு உதவி அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் ஒருவர் ஐந்து வருடத்தில் கூடைப்பந்து வீரர்களுக்கு 400 கட்டுரைகள் போல எழுதிக் கொடுத்திருக்கிறார். 1997இல் அவர்கள் கடைசி நான்குக்குள் வந்ததே பதிவேட்டில் இல்லாமல் போனது, அந்தச் செய்திக்குப் புலிட்சர் கிடைத்தது. புளோரிடா ஸ்டேட்டில் ஒரு இணையவழி இசை வகுப்புத் தேர்வில் 61 வீரர்கள் மாட்டி, கால்பந்து கோச் பாபி பௌடன் கணக்கில் 12 வெற்றி போனது. இந்த இரண்டிலும் அடி விழுந்தது, விழ வேண்டியதும்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கெவின் ராஸ். நாலு வருடம் கிரைட்டன் பல்கலைக்குக் கூடைப்பந்து ஆடிவிட்டு வாசிக்கத் தெரியாமல் வெளியே வந்தவர். எண்பதுகளில் சிகாகோவில் மார்வா காலின்ஸ் நடத்திய பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் படித்தார். என்எஃப்எல் வீரர் டெக்ஸ்டர் மேன்லி 1989இல் செனட் குழு முன்னால் அழுதுகொண்டே சொன்னதும் அதையேதான், ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஆடிய எனக்கு வாசிக்கத் தெரியாது என்று.

ஜெர்ரி டார்க்கேனியன் என்ற கோச் ஒரு கிண்டல் விட்டுப் போனார்: என்சிஏஏவுக்குப் பெரிய இடமான கென்டக்கி மேல் பயங்கரக் கோபம், அதனால் சின்ன இடமான கிளீவ்லாந்து ஸ்டேட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் தண்டனை கொடுக்கப் போகிறார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம்மூரில் சொல்வதைத்தான் அந்த மனிதர் கூடைப்பந்து பாஷையில் சொல்லியிருக்கிறார்.

ஓரக்கண்

எல்லோரும் வெற்றி, தடை என்றே பேசுகிறீர்கள். அந்தத் துறையின் பெயரை ஒருமுறை மறுபடி படியுங்கள். கறுப்பின வரலாறு கற்றுக்கொடுக்கப் போராடி வாங்கிய துறை. அங்கே நேர்மையாகப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கரி பூசியாயிற்று. அந்த வகுப்புகளில் தள்ளப்பட்ட கால்பந்து, கூடைப்பந்து வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பையன்கள். ஆட்டத்தில் வரும் பணம் மேலே போகிறது, படிப்பு என்று வாக்குக் கொடுத்தது காகிதமாகத் திரும்பி வருகிறது. (காகிதம் என்றதும்: அந்த 3,100 பேரில் மீதிப் பாதி வீரர்களே இல்லை. சுலபமாக ஏ கிடைக்கிறது என்று மோப்பம் பிடித்து வந்த மற்ற மாணவர்களைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.)

இன்னொன்று. மேரி வில்லிங்ஹாம் என்ற வாசிப்பு நிபுணர் உள்ளே இருந்துகொண்டே, இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஆரம்பப் பள்ளி அளவுக்குத்தான் வாசிக்க வருகிறது என்று 2014இல் தொலைக்காட்சியில் சொன்னார். பல்கலை அவர் புள்ளிவிவரம் தப்பு என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தது. எண்ணில் சண்டை போட இடம் இருந்திருக்கலாம், அது வேறு. ஆனால் கடைசியில் வேலையை விட்டுப் போனவர் அவர். 2015இல் 3,35,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

எண்கணக்கு

யாரும் ஏபிஆர் பற்றிப் பேசவில்லையே. ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர் தகுதியோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் கல்லூரியிலேயே தொடர்கிறார்கள் என்று 1000க்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். 930க்குக் கீழே போனால் சீசன் முடிவுப் போட்டி கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அடிக்கடி மாட்டுவது பணம் குறைந்த கல்லூரிகள், அதிலும் வரலாற்றுரீதியான கறுப்பினக் கல்லூரிகள். இதற்காகவே 2020இல் வழக்குகூடப் போட்டார்கள். பெரிய இடங்களும் எப்போதாவது மாட்டும், கனெக்டிகட் கூடைப்பந்து அணி 2013இல் ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தது. அடுத்த வருடமே வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது வேறு கதை.

இந்த அளவுகோலுக்குக் கிரேடு எப்படி வந்தது என்று கேட்கத் தெரியாது. பேப்பர் வகுப்பில் சராசரி கிரேடு 4க்கு 3.62, அதே துறையில் நிஜமாக நடந்த வகுப்புகளில் 3.28. டியூட்டர் கூட்டம், பளபளக்கும் படிப்பு மையம் எல்லாம் வைத்துக்கொள்ளக் காசு இல்லாத கல்லூரியில் ஒருவன் நேர்மையாக ஃபெயில் ஆனால் அணிக்கு அடி. சேப்பல் ஹில் மாதிரி இடத்தில் வராமலேயே ஏ வாங்கினால் அணிக்கு நல்ல பெயர்.

சட்டப்புள்ளி

எண்கணக்கு சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

மிசூரி மருமகனுக்கு மட்டும் ஒன்று. என்சிஏஏவுக்கு நீதிமன்றம் மாதிரி யாரையும் கூப்பிட்டு நிறுத்தும் அதிகாரம் கிடையாது. கிரவுடரே 2017 வரை அவர்களிடம் வாய் திறக்கவில்லை. அதனால் கல்லூரி ஒத்துழைத்தால்தான் வழக்கே நகரும். ஒத்துழைத்தவனை அடித்தால் அடுத்தவன் ஒத்துழைக்க மாட்டான், இது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த விதிகளை எழுதுவது யார்? உறுப்பினர் கல்லூரிகள்தான். தங்கள் வகுப்பறைக்குள் வேறு யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதில் சேப்பல் ஹில்லும் மிசூரியும் ஒரே கட்சி. 2018இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழுகூட இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி, கல்வி மோசடி விஷயத்தில் என்சிஏஏ கையில் அதிகாரம் இருக்கவேண்டும் என்றது. 2017 தீர்ப்பு சொன்ன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிரெக் சாங்கி. மிசூரி ஆடும் எஸ்இசி என்ற கல்லூரிக் கூட்டமைப்புக்கு அவர்தான் கமிஷனர். இதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

தூங்காநகரம்

பக்கத்து ராலீக்காரர்கள் கதையை யாரும் சொல்லவில்லையே! 2011இல் ஒரு சேப்பல் ஹில் வீரர் தொடுத்த வழக்கில் அவருடைய கட்டுரை நீதிமன்றப் பதிவில் வந்தது. அதை எடுத்துத் தேடி, எங்கெங்கே காப்பியடித்தது என்று கண்டுபிடித்தது என்சிஏஏ இல்லை, பல்கலை இல்லை. ராலீயில் இருக்கும் போட்டி அணியான என்சி ஸ்டேட் ரசிகர்கள், இதே மாதிரி ஒரு அரட்டைத் திரியில் உட்கார்ந்து. அதனால் நம்மை வெட்டிக் கூட்டம் என்று வீட்டில் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

கேரிக்காரன்

அதற்குப் பிறகு டான் கேன் என்ற ராலீ நிருபர் வருடக்கணக்கில் விடாமல் தோண்டினார், அவருக்கும் ஒரு கும்பிடு.

எல்லாம் படித்தேன். சட்டப்புள்ளி, விதி இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அதை எழுதாமல் விட்டதே கல்லூரிகள்தான் என்பதையும். ஆனால் முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2015இல் என்சிஏஏ என்ன வாதாடியது தெரியுமா? வீரர்களுக்குக் கிடைக்கும் கல்வியின் தரத்தை உறுதிசெய்யும் கடமை எங்களுக்குச் சட்டப்படி இல்லை என்று. சரி, இல்லை. அப்படியென்றால் தொலைக்காட்சியில் ஒவ்வொரு இடைவேளையிலும் "மாணவ-வீரர்" என்று எதற்கு? மார்ச் மாதப் போட்டிக்கு மட்டும் 2010இல் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர்கள். சேப்பல் ஹில் ஆடும் அதே ஏசிசி கூட்டமைப்பில் ஆடும் லூயிவில், விடுதிக்குள் பெண்களை வரவழைத்த விவகாரத்தில் 2013 கோப்பையை இழந்து அரங்கில் தொங்கிய வெற்றிக்கொடியை இறக்கியது. சேப்பல் ஹில்லின் 2005 கொடி டீன் ஸ்மித் அரங்கில் அப்படியேதான் தொங்குகிறது. அந்த அணியின் வீரர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் துறைதான் முதன்மைப் பாடம்.

பையனிடம் இதெல்லாம் சொன்னேன். "அப்பா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றான். விண்ணப்பம் அனுப்பத்தான் போகிறோம்.

பழைய டி.ஏ. அக்கா, அந்த மீடியன் பையன் என்ன ஆனான்?

பழைய டி.ஏ.

வகுப்பை ட்ராப் செய்துவிட்டான். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் படிவம் என் மேஜைக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் "பாடச்சுமை" என்று பொடிப்பொடியாக, நேர்த்தியாக எழுதியிருந்தது. அது அவன் எழுத்து இல்லை. கீழே கையெழுத்து மட்டும் அவனுடையது, கட்டத்தை மீறிக்கொண்டு.